மரத்தில் பூத்த மலருக்குப் பெயர் சூட்டிய டாக்டர்

திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரம் போகிற சாலையில் கூட்டேரிப்பட்டு இருக்கிறது. மயிலம் முருகன் கோவிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்த ஊர். சுற்றிலும் வயல்கள். வரப்போரம் பனைமரங்கள். தோப்புகளில் மாவும் புளியும். திண்டிவனம் என்ற பெயரே புளியங்காட்டைக் குறிப்பது என்பார்கள். திந்திரிணி என்றால் புளி.

இந்தச் சமவெளியில் பழைய மா, புளி மரங்களின் கிளைகளில் சில சமயம் ஒரு சிறு செடி தொற்றிக் கொண்டிருக்கும். நீளமான, தடித்த இலைகள் இரண்டு வரிசையாக இருக்கும். இலை நுனி யாரோ கடித்துத் துப்பியது போல இருக்கும். சுண்டுவிரல் பருமனில் வெள்ளை வேர்கள் பட்டையைப் பற்றிக் கொண்டிருக்கும். சில வேர்கள் காற்றில் தொங்கும். உயரம் ஒரு முழம், மிஞ்சினால் ஒன்றரை முழம்.

கோடையிலும் முதல் மழையிலும் அது பூக்கும். ஒரு காம்பில் ஐந்தாறு பூக்கள். இதழ்களில் மஞ்சளும் பழுப்பும் கலந்து கட்டம் கட்டமாகக் கோடுகள். நடுவில் ஊதா நிற நாக்கு. நல்ல வாசனை.

கீழே போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பதில்லை. பார்த்தாலும் புல்லுருவி என்று நினைத்து விடுகிறார்கள்.

அது புல்லுருவி அல்ல. ஆர்க்கிட் என்னும் உயர்ந்த மலர் இனத்தைச் சேர்ந்தது. அதை முதன் முதலில் படம் எழுதி, விவரம் எழுதி, உலகத்துக்குச் சொன்னவர் ஒரு டாக்டர். அவர் பெயர் வில்லியம் ராக்ஸ்பர்க்.

சென்னைக்கு வந்த வைத்தியர்

ராக்ஸ்பர்க் 1751-ல் ஸ்காட்லாந்து நாட்டில் ஏர்ஷயர் பகுதியில் பிறந்தார். எடின்பரோ நகரில் வைத்தியம் படித்தார். அங்கே ஜான் ஹோப் என்ற ஆசிரியர் தாவர சாஸ்திரம் கற்றுக் கொடுத்தார். வைத்தியம் வயிற்றுப் பிழைப்புக்கு உதவியது. செடி கொடிகளின் மேல் ஏற்பட்ட ஆசையோ ஆயுள் முழுவதும் விடவில்லை.

1776-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வைத்திய இலாகாவில் சேர்ந்து சென்னையில் வேலை ஏற்றார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 25.

அது சண்டைக் காலம். 1780-ல் ஹைதர் அலியின் படை ஆற்காட்டு நாட்டில் புகுந்தது. 1781-ல் பரங்கிப்பேட்டையில் பெரிய போர் நடந்தது. இன்று விழுப்புரம், திண்டிவனம் என்று நாம் சொல்லும் சீமையெல்லாம் படைகள் போகிற பாதையாக இருந்தது. காயம் பட்ட சிப்பாய்களுக்குக் கட்டுப் போடுவதுதான் கம்பெனி டாக்டர்களின் வேலை. செடியைப் பார்க்க யாருக்கு நேரம் இருந்தது?

ஒருவருக்கு இருந்தது. அவர் கோனிக் என்ற வைத்தியர். உலகத் தாவரங்களுக்கெல்லாம் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் என்ற பேரறிஞரின் மாணவர். 1768-ல் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழ்நாட்டுச் செடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். அவருடைய நட்பு ராக்ஸ்பர்க்குக்குக் கிடைத்தது. குரு கிடைத்து விட்டார்!

1781-ல் ராக்ஸ்பர்க்குக்கு மாற்றல் வந்தது. காக்கிநாடா அருகே சாமல்கோட்டை என்ற ஊர். அங்கே இருந்த படைக்கு அவர் வைத்தியர். அங்கே ஒரு தோட்டம் போட்டார். காப்பி, மிளகு, லவங்கப்பட்டை, முசுக்கொட்டை எல்லாம் பயிர் செய்து பார்த்தார். நாள்தோறும் மழையையும் வெயிலையும் அளந்து குறித்து வைத்தார்.

1785-ல் குரு கோனிக் காக்கிநாடாப் பக்கம் வந்தபோது நோயில் விழுந்தார். ராக்ஸ்பர்க் பக்கத்தில் இருந்து வைத்தியம் பார்த்தார். பயன் இல்லை. கோனிக் அங்கேயே காலமானார்.

கடல் பொங்கியது

அடுத்த அடி 1787-ல் விழுந்தது.

அந்த ஆண்டு மே மாதம் காக்கிநாடா அருகே கோரிங்கா கடற்கரையில் கடும் புயல் அடித்தது. கடல் பொங்கி ஊருக்குள் வந்தது. பல்லாயிரம் பேர் மடிந்தார்கள். ராக்ஸ்பர்க் உயிர் பிழைத்தார். ஆனால் அவர் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த காய்ந்த செடிகள், புத்தகங்கள், எழுதி வைத்த குறிப்புகள் எல்லாம் வெள்ளத்தில் போயின.

வேறொருவராக இருந்தால் ஊருக்குக் கப்பல் ஏறியிருப்பார். ராக்ஸ்பர்க் மறுபடியும் முதல் செடியிலிருந்து ஆரம்பித்தார்.

1789-ல் சென்னை மாகாணத்துக்குக் கம்பெனியின் தாவர ஆராய்ச்சியாளராக அவரை நியமித்தார்கள். அதே சமயம் மழை பொய்த்தது. 1789 முதல் 1792 வரை ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பஞ்சம் வாட்டியது. ஜனங்கள் பட்டினியால் சாவதை அவர் கண்ணால் பார்த்தார். ஓயாமல் மழைக் கணக்கு எழுதியவர் ஆதலால், இந்த வறட்சி எவ்வளவு கொடியது என்று அவரால் எண்ணில் காட்ட முடிந்தது. தென்னை, பலா, வாழை, பேரீச்சை போன்ற மரங்களைக் கால்வாய்க் கரைகளிலும் கிராமங்களிலும் நட வேண்டும், நெல் பொய்த்தாலும் மரம் சோறு போடும் என்று கம்பெனிக்கு எழுதினார்.

ஜனங்களுக்கு எது பயன்படும், எது மருந்து, எது உணவு என்று முதலில் தெரிய வேண்டாமா? அதற்கு ஒவ்வொரு செடியையும் பெயரோடும் படத்தோடும் பதிவு செய்ய வேண்டும். அந்த வேலையில் இறங்கினார்.

பெயர் இல்லாத சித்திரக்காரர்கள்

அந்தக் காலத்தில் போட்டோ கிடையாது. செடியைப் பார்த்துக் கையால் எழுதும் படம்தான் சாட்சி.

ராக்ஸ்பர்க் நம் நாட்டுச் சித்திரக்காரர்களைச் சம்பளத்துக்கு வைத்துக் கொண்டார். காட்டிலிருந்து செடி வந்ததும் வாடுவதற்குள் அவர்கள் எழுதுவார்கள். இலையின் நரம்பு, பூவின் மகரந்தம், காயின் விதை எல்லாம் அளவு தவறாமல் வரும். பக்கத்தில் ராக்ஸ்பர்க் விவரம் எழுதுவார்.

1791-க்கும் 1794-க்கும் இடையில் இப்படி 500 படங்கள் லண்டனுக்குக் கப்பலில் போயின. அங்கே ஜோசப் பாங்க்ஸ் என்ற பெரிய விஞ்ஞானி அவற்றில் 300 படங்களைத் தேர்ந்தெடுத்தார். 1795-ல் முதல் பகுதி வெளிவந்தது. சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்கள் என்பது புத்தகத்தின் பெயர். மூன்று தொகுதிகளும் முடிவதற்கு 1820 ஆயிற்று. ஒவ்வொரு படமும் கையால் வர்ணம் தீட்டப்பட்டது.

முதல் தொகுதியில் 42-வது படம்தான் நம் மரத்து ஆர்க்கிட். 43-ம், 44-ம் கூட மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட்டுகளே. வேங்கை, தோதகத்தி போன்ற பெரிய மரங்களுக்கு விஞ்ஞானப் பெயர் கொடுத்தவர், ஒரு முழச் செடிக்கும் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கினார்.

அதன் பூவில் உள்ள கட்டங்களைப் பார்த்தார். தரையில் சிறு சிறு ஓடுகள் பதித்தது போல இருந்தது. டெஸலேட்டா என்று பெயர் வைத்தார். லத்தீன் மொழியில் கட்டம் போட்டது என்று பொருள்.

புத்தகத்தில் ராக்ஸ்பர்க்கின் பெயர் பெரிதாக அச்சாயிற்று. பாங்க்ஸின் பெயரும் வந்தது. படம் எழுதிய கைகளின் பெயர் மட்டும் அச்சாகவில்லை. அந்தக் கட்டங்களை முதலில் தூரிகையில் பிடித்தவர் யார் என்று இன்று புத்தகத்தைப் புரட்டிக் கண்டுபிடிக்க முடியாது.

கல்கத்தாவில் இருபது ஆண்டுகள்

1793-ல் ராக்ஸ்பர்க் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் தலைவரானார். ஹூக்ளி நதிக் கரையில் 1787-ல் தொடங்கிய தோட்டம் அது. அவர் காலத்தில் அங்கே சேர்ந்த தாவர வகைகள் சுமார் 3,500. சித்திரக்காரர்களையும் விடவில்லை. மொத்தம் 2,500-க்கு மேற்பட்ட படங்கள் சேர்ந்தன.

உடம்பு தளர்ந்தது. 1813-ல் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். எழுதி முடித்த பெரிய கையெழுத்துப் பிரதியை, செராம்பூரில் அச்சுக்கூடம் நடத்திய வில்லியம் கேரி பாதிரியாரிடம் ஒப்படைத்தார். 1815-ல் எடின்பரோவில் காலமானார். இந்தியத் தாவரங்கள் என்ற அந்த நூலின் முதல் தொகுதி 1820-ல்தான் வெளிவந்தது. முழு நூல் 1832-ல் வந்தது. எழுதியவர் கண்ணால் பார்க்கவில்லை.

மரம் தருவது இடம் மட்டும்

ராக்ஸ்பர்க் பதிவு செய்த இந்தச் செடி எப்படி வாழ்கிறது? மண்ணே இல்லாமல்!

புல்லுருவி மரத்துக்குள் வேரை விட்டுச் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் அப்படிச் செய்வதில்லை. மரம் அதற்குக் கொடுப்பது உட்கார இடம் மட்டும். தனக்கு வேண்டிய உணவை அதன் பச்சை இலைகளே வெயிலில் சமைத்துக் கொள்கின்றன.

தண்ணீருக்கு வேர் இருக்கிறது. வெள்ளை வேரின் மேலே பஞ்சு போன்ற உறை உண்டு. அதை வெலாமன் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். மழைத் துளியையும் அதில் கரைந்து வரும் தூசி, இலைச் சத்தையும் அது உறிஞ்சிக் கொள்ளும். காய்ந்திருக்கும் போது வேர் வெள்ளையாகத் தெரியும். நனைந்ததும் பச்சையாகத் தெரியும். செடிக்குத் தாகமா இல்லையா என்பதை வேரின் நிறமே சொல்லி விடும்.

இதை அறியாமல் இங்கிலாந்தில் பணம் படைத்தவர்கள் பட்ட நஷ்டம் கொஞ்சமல்ல. வெப்ப நாட்டுச் செடி என்பதால் கண்ணாடி அறையில் பூட்டி, நீராவி ஏற்றி வைத்தார்கள். ஆயிரக்கணக்கான ஆர்க்கிட்டுகள் அழுகிச் செத்தன. சூடு இருந்தது, ஈரமும் இருந்தது. காற்று மட்டும் இல்லை!

வழி கண்டவர்களில் ஒருவர் ராக்ஸ்பர்க்கின் படங்களைத் தேர்ந்தெடுத்த அதே ஜோசப் பாங்க்ஸ். மண் தொட்டியை விட்டு விட்டு, கூடையில் கொஞ்சம் பாசியோடு செடியை வைத்துத் தொங்க விட்டார். வேர் நாலு பக்கமும் காற்றுக் குடித்தது. செடி பிழைத்தது.

வீட்டில் வளர்ப்பது எப்படி?

இங்கிலாந்துக்காரர்களுக்குக் கண்ணாடி அறை வேண்டியிருந்தது. கூட்டேரிப்பட்டுக்காரர்களுக்கு அது வேண்டாம். இந்த வெயிலும் இந்தக் காற்றும்தான் அதன் சொந்த வீடு.

முதல் விதி: உயிரோடு இருக்கும் மரத்திலிருந்து செடியைப் பிடுங்காதீர்கள். காற்றில் முறிந்து விழுந்த கிளையில் இருந்தால் எடுக்கலாம். உங்கள் தோப்பில் வெட்டிய மரத்தில் இருந்தால் காப்பாற்றலாம். இல்லாவிட்டால் ஆர்க்கிட் நாற்றுப் பண்ணையில் வளர்த்த கன்றை வாங்குங்கள்.

மரத்தில் கட்டுவது சுலபம். மா, புளி போன்ற சொரசொரப்பான பட்டை நல்லது. கொய்யாவும் தைல மரமும் ஆகா. பட்டை உரிந்து செடியும் விழுந்து விடும். காலை வெயில் படும் பக்கமாக, ஆள் உயரத்தில் செடியை வைத்துத் தேங்காய் நார்க் கயிற்றால் கட்டுங்கள். கம்பி வேண்டாம். ஆடி, ஆவணியில் மழை தொடங்கும் போது கட்டினால் வேர் சீக்கிரம் பற்றும். கயிறு மக்கி விழுவதற்குள் செடி தானே நின்று கொள்ளும்.

மரம் இல்லாத வீட்டில் மரச் சட்டத்தாலான கூடை போதும். கரித்துண்டு, ஓட்டுச் சில்லு, ஊற வைத்துக் கழுவிய தேங்காய் மட்டைத் துண்டு இவற்றைப் பாதிக் கூடைக்கு இட்டு, நடுவில் செடியை நிறுத்துங்கள். ஆடாமல் இருக்க ஒரு குச்சியோடு கட்டுங்கள். மண் ஒரு பிடி கூடப் போடக் கூடாது. வேர் வெளியே நீட்டிக் கொண்டு வந்தால் உள்ளே திணிக்கக் கூடாது.

வெயில் வேண்டும், உச்சி வெயில் கூடாது. தென்னை நிழல் போல விட்டு விட்டு விழும் வெளிச்சம் நல்லது. மாடியில் வைத்தால் பாதி வெயிலைத் தடுக்கும் நிழல் வலை கட்டுங்கள். இலை கரும்பச்சையாகக் கொழுத்து, பூவே இல்லை என்றால் வெளிச்சம் போதவில்லை. இலை மஞ்சளித்துக் கருகினால் வெயில் அதிகம்.

தண்ணீர் காலையில் தெளிக்க வேண்டும். வேர் பச்சையாகும் வரை தெளித்தால் போதும். கத்திரி வெயிலில் இரண்டு வேளை. ஐப்பசி அடைமழையில் வேண்டவே வேண்டாம். மார்கழி, தையில் குறையுங்கள். குருத்தில் தண்ணீர் தேங்கினால் இரவில் அழுகிவிடும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொண்டால் மிக நல்லது. உப்புத் தண்ணீர் வேரில் வெள்ளையாகப் படிந்து அடைக்கும்.

உரம் கொஞ்சம்தான். தண்ணீரில் கரையும் உரம் லிட்டருக்கு அரை கிராம், புதுத் துளிர் விடும் காலத்தில் பதினைந்து நாளைக்கு ஒரு முறை தெளிக்கலாம். இடையில் வெறும் தண்ணீரால் வேரைக் கழுவி விடுங்கள். இலையடியில் செதில் பூச்சி ஒட்டினால் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். நத்தை வந்தால் இரவில் விளக்கோடு தேடிப் பொறுக்குங்கள்.

அடியில் பக்கக் கன்று வந்தால் அவசரம் வேண்டாம். அதற்கு மூன்று வேராவது தனியாக வந்த பிறகு சுத்தமான கத்தியால் பிரித்து, வெட்டிய இடத்தில் கரித்தூள் தடவி, வேறு மரத்தில் கட்டுங்கள்.

விதைக்குத் துணை

கன்றைப் பிரிப்பதை விட விதை போடலாமே என்று தோன்றும். அது அவ்வளவு எளிதல்ல.

ஒரு காயில் ஆயிரமாயிரம் விதைகள் இருக்கும். தூசியை விட இலேசானவை. காற்றில் பறக்கும். ஆனால் நெல்லில் இருப்பது போல அவற்றில் உணவு கிடையாது. மரப்பட்டையில் ஒரு வகைப் பூஞ்சணம் சேர்ந்து உணவு ஊட்டினால்தான் விதை முளைக்கும். இதை 1899-ல் பிரெஞ்சு விஞ்ஞானி நோயல் பெர்னார் கண்டுபிடிக்கத் தொடங்கினார். 1922-ல் அமெரிக்க விஞ்ஞானி நட்சன், பூஞ்சணம் இல்லாமல் சர்க்கரை கலந்த கூழில் விதையை முளைக்க வைக்கும் முறையைச் சொன்னார். பண்ணைகளில் இலட்சக்கணக்கில் கன்று கிடைப்பது அந்த முறையால்தான்.

காட்டில் அந்தச் சௌகரியம் இல்லை. காற்றில் பறந்த ஆயிரமாயிரம் விதைகளில் ஒன்று தகுந்த பட்டையில் விழ வேண்டும். பூஞ்சணம் சேர வேண்டும். பல ஆண்டு மழையும் வெயிலும் தாண்டிய பிறகே முதல் பூ பூக்கும். அதனால்தான் ஒரு பழைய மரம் சாயும் போது, அதோடு சாயும் ஆர்க்கிட்டுக்கு ஈடு சீக்கிரம் வருவதில்லை. வட நாட்டில் ராஸ்னா என்ற மருந்துச் சரக்காக இதன் வேரை விற்பதாலும் செடி குறைகிறது.

2000-க்குப் பிறகு திண்டிவனம், விழுப்புரம் சாலை நான்கு வழிச் சாலையாக அகலமானது. பிரயாணம் சுகமாயிற்று. ஆனால் சாலையோரத்துப் பழைய புளியமரங்கள் பல போயின. இனித் தோப்பு மரங்களும் கோவில் காட்டு மரங்களும்தான் இந்தச் செடிக்கு அடைக்கலம்.

மறைந்த பெயர், நின்ற பெயர்

ராக்ஸ்பர்க் இறந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1820-ல், ராபர்ட் பிரவுன் என்ற விஞ்ஞானி இந்தச் செடியைச் சரியான பேரினத்தில் சேர்த்தார். வாண்டா என்ற சமஸ்கிருதப் பெயர் அதற்குக் குலப்பெயர் ஆயிற்று. சொந்தப் பெயராக, இறந்த டாக்டருக்கு மரியாதை செய்ய எண்ணி, ராக்ஸ்பர்க்கின் பெயரையே சேர்த்தார்.

அந்த மரியாதை நிலைக்கவில்லை. தாவர சாஸ்திரத்தில் முதலில் வைத்த சொந்தப் பெயருக்கே உரிமை என்று ஒரு விதி இருக்கிறது. அதன்படி ராக்ஸ்பர்க்கின் பெயர் எடுபட்டது. அவர் 1795-ல் வைத்த பெயரே திரும்பி வந்தது. இன்று உலகம் முழுவதும் அதற்கு வாண்டா டெஸலேட்டா என்றே பெயர்.

ராக்ஸ்பர்க் பார்த்த கட்டங்கள் அந்தப் பெயரில் நிற்கின்றன. பெயர் தெரியாத சித்திரக்காரர் தீட்டிய கட்டங்களும் அவையே.

இந்தக் கோடையில் கூட்டேரிப்பட்டுத் தோப்பில் நிழலுக்கு ஒதுங்குகிறவர்கள் ஒரு முறை மேலே பார்க்கலாம். வெள்ளை வேரோடு ஒரு செடி தெரிந்தால், புல்லுருவி என்று கழியால் தட்ட வேண்டாம். அது மரத்துக்குப் பாரமில்லை. குழந்தைகளைத் தூக்கிக் காட்டுங்கள். கட்டங்களை அவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.